ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதுமா?
நாயோடு கொழும்பிலிருந்து அம்பாந்தோட்டை வரை கட்டில், அடுப்பு வைத்த வான் வண்டியில் போனதாக நீங்கள் எழுதிய பயணக் கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் வரும் "சாப்பிட இறங்கும்போது ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவிட்டால் நாய்க்கு ஒன்றும் ஆகாது" என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. வெளியே 31 பாகை என்றால், வெயிலில் நிற்கும் வானுக்குள் அரை மணித்தியாலத்தில் 45ஐத் தாண்டிவிடும். அந்த இரண்டு விரல் இடைவெளியால் பெரிய வித்தியாசம் இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நம் கரையோரக் காற்றில் ஈரப்பதன் கூட, அதனால் அந்த இளைப்பும் சரியாக உதவாது. எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. போன பங்குனியில் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் போய், ஹிக்கடுவையில் எங்கள் நாய் ஜிம்மியை வண்டிக்குள் விட்டுவிட்டு, சோற்றுப் பார்சல் வாங்க நானும் மனைவியும் இறங்கினோம். கடையில் கூட்டம், இருபது நிமிடம் போய்விட்டது. திரும்பி வந்தால் ஜிம்மி எச்சில் ஒழுக, கால் தள்ளாடி நிற்கிறது! நல்லகாலம், பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் முற்றத்துக் குழாயைத் திறந்துவிட்டார். வயிறும் பாதமும் நனைய நனையத் தண்ணீர் விட்டு, மின்விசிறிக்குக் கீழே படுக்க வைத்த பிறகுதான் மூச்சு சீரானது. இப்போது ஒருவர் இறங்கினால் மற்றவர் நாயோடு நிழலில் நிற்பது என்று வைத்திருக்கிறோம். மேலே கருத்து எழுதிய ஒருவர் அப்படியே யால தேசியப் பூங்காவுக்கும் போகலாமே என்று கேட்டிருந்தார். பூங்காவுக்குள் வளர்ப்பு நாயை விடமாட்டார்கள், ஒருவர் பக்கத்து ஊரான திஸ்ஸமஹாராமையிலேயே நாயோடு தங்க வேண்டி வரும். அப்புறம், கடற்கரையெல்லாம் கட்டாக்காலி நாய்கள், உங்கள் நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போடாமல் கிளம்பாதீர்கள்.