உயரம் மட்டும் பார்த்தால் போதாது
அலைச்சறுக்குக்கு எப்போது போகலாம் என்பது பற்றிய இந்தக் கட்டுரை, முன்னறிவிப்பில் அலை ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் பலகையோடு கிளம்பலாம் என்கிறது. மணல் கடற்கரையில் இந்தக் கணக்கு அடிக்கடி பொய்க்கும். உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விநாடியைப் பாருங்கள். அடுத்தடுத்த முகடுகளுக்கு இடையிலான நேரம் அது. ஆழ்கடலில் 6 விநாடி அலையின் நீளம் சுமார் 56 மீட்டர், 14 விநாடி அலைக்கு 300 மீட்டருக்கு மேல். முதலாவது அருகில் அடித்த காற்று கிளப்பிய குழப்பம், சறுக்க வாகில்லாதது. அதற்காக நீண்ட அலையெல்லாம் நல்லது என்றும் இல்லை. அது கரைக்கு நேராக வந்து நீருக்கடியில் உள்ள நீளமான மணல்திட்டில் மோதினால் முழு வரிசையும் ஒரே நேரத்தில் மடிந்துவிடும், பலகையில் சறுக்கிப்போக உடையாத ஓரமே இருக்காது. சற்றுச் சாய்வாக வருவதும், திட்டுகள் துண்டு துண்டாக இருப்பதும்தான் வேண்டும். அடுத்தது ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம். அலை தன் உயரத்தைப் போல சுமார் 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். திட்டின்மேல் 2 மீட்டர் தண்ணீர் நின்றால் 1 மீட்டர் அலை உடையாமல் கடந்து, கரையோரத்தில் பொத்தென்று விழும். மேலே கருத்திட்ட ஒருவர் அதிகாலையே சிறந்தது என்கிறார். நிலத்திலிருந்து வீசும் மென்காற்றுக்காக அது பெரும்பாலும் சரி, ஆனால் அப்போது ஏற்றம் உச்சத்தில் இருந்தால் காற்றால் பயனில்லை. புயலுக்குப் பின் திட்டுகள் இடம் மாறிவிடும், எனவே போன மாதம் நன்றாக உடைந்த இடத்தை நம்பி இறங்காதீர்கள்.