பைக்குள் ஒரு கெந்திங்

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அண்ணன் மகளோடு சாப்பிட உட்கார்ந்தேன். சுங்கை சிப்புட்டிலிருந்து வந்து இங்கே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ரொட்டி சானாய் தட்டிலேயே ஆறிக்கொண்டிருந்தது. அவள் கட்டைவிரல் மட்டும் திரையைக் கீழே இழுக்கிறது, விடுகிறது. மறுபடி இழுக்கிறது, விடுகிறது. காலையில் போட்ட படத்துக்கு எத்தனை லைக் என்று பார்க்கிறாளாம். கொஞ்ச நேரத்தில் படத்தையே அழித்துவிட்டாள். ஏன்மா என்றேன். "நாற்பதுகூட வரல சித்தப்பா, அசிங்கமா இருக்கு."

அந்த இழுப்பை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று வழியெல்லாம் யோசனை. வீடு வந்தபிறகுதான் பிடிபட்டது. கெந்திங் மலைச் சூதாட்டக் கூடம்! என் மாமா ஒருவர் அங்கே ஜாக்பாட் மெஷின் முன்னால் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு தடவையும் தோற்றால் பத்தாவது தடவையில் எழுந்து வந்திருப்பார். எப்போது விழும் என்று தெரியாததுதான் அவரை அந்த நாற்காலியில் கட்டிப்போட்டது.

ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் புறாக்களிடமே காட்டிவிட்டார். இத்தனை கொத்துக்கு ஒரு தீனி என்று கணக்காகக் கொடுத்தால், தின்றபிறகு புறா சற்று ஓய்வெடுக்கும். எத்தனையாவது கொத்துக்குத் தீனி என்று தெரியாதபடி கொடுத்தால் ஓயாமல் கொத்தும். நிறுத்தினாலும் லேசில் விடாது. ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009இல். முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். செய்தவரே வருத்தப்படுகிறார், நாம் என்னவோ பிள்ளைகளுக்கு ஒழுக்கம் இல்லை என்கிறோம். கெந்திங் சூதாட்டக் கூடத்துக்குள் போக 21 வயதாக வேண்டும். இந்த மெஷினை எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடிக்கும் முன்பே நாம்தானே வாங்கிக் கொடுத்தோம்?

ஒப்பிட்டுப் பார்க்கும் குணம் வேறு இருக்கிறது. மனிதன் தன்னை அளக்க, தன்னைப் போன்றவர்களைத்தான் தேடுவான் என்று ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954லேயே எழுதினார். எங்கள் காலத்தில் அது வகுப்பில் இருந்த முப்பது பேர். அவர்கள் சட்டையில் இருந்த கிழிசலும் நமக்குத் தெரியும். இவளுக்கோ ஊர் உலகமே வகுப்பு, அதுவும் எல்லாரும் தீபாவளிச் சட்டையில்.

ஆனால் எனக்கு உறைத்தது இதெல்லாம் இல்லை. போனை ராத்திரி வெளியே வைத்துவிட்டுத் தூங்கேன் என்று பெரிய மனுஷனாட்டம் சொன்னேன். "பக்கத்துக் கட்டில்ல ஆள் இருக்கு சித்தப்பா, பேசத்தான் ஆள் இல்ல. போனையும் வச்சிட்டா ரூம் ஒரு மாதிரி ஆயிடும்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. முதல் ஆண்டு முழுக்க நான் அவளுக்கு அனுப்பியது காலை வணக்கப் படங்கள் மட்டும்தான்.

இப்போது ராத்திரி பத்து மணிக்கு நானே கூப்பிடுகிறேன். நேற்று முக்கால் மணி நேரம் பேசினாள், பெரும்பாலும் பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டையைப் பற்றி.