முதல் மாதம் எல்லாரும், ஆறாம் மாதம் யாருமில்லை

குடியை விடப் போராடுகிறவர், மனநோயோடு வாழ்கிறவர், சிறையிலிருந்து வந்தவர், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர். இவர்களை எந்தச் சபையும் "இனி வராதே" என்று துரத்துவதில்லை. நடப்பது வேறு. முதல் மாதம் ஆள் மாற்றி ஆள் வீட்டுக்குப் போவார்கள், தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். அவர் இரண்டாவது முறை விழுந்ததும் போன் குறையும். மூன்றாவது முறை "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதோடு சரி. யாரும் முடிவெடுக்காமலே ஒருத்தர் கைவிடப்பட்டிருப்பார்.

அன்பு தணிந்துபோனதால் இப்படி ஆகிறது என்று பிரசங்கம் பண்ணுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அன்பு இருக்கத்தான் செய்கிறது. யார் போவது, எந்த நாளில் போவது, எதைச் செய்வது, எதைச் செய்யக்கூடாது என்ற ஏற்பாடுதான் இல்லை.

1 தெசலோனிக்கேயர் 5:14-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்தி சொல்லணும், திடனற்றவர்களைத் தேற்றணும், பலவீனரைத் தாங்கணும், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருக்கணும். ஆளைப் பார்த்துத்தான் மருந்து. நாமோ எல்லாருக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறோம். மனச்சோர்வில் படுக்கையை விட்டு எழ முடியாதவரிடம் "விசுவாசம் போதாது, எழுந்து ஸ்தோத்திரம் பண்ணுங்க" என்கிறோம். வீட்டுக் காசைத் திருடிக் குடிப்பவரிடம் "பாவம், என்ன கஷ்டமோ" என்று தேற்றுகிறோம். இரண்டும் தலைகீழ்.

எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டான் (1 இராஜாக்கள் 19). தூதன் அவனுக்கு வேதபாடம் நடத்தவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். திரும்பவும் தட்டி எழுப்பி மறுபடியும் சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி 40 நாள் கழித்து ஓரேப் மலையில்தான் வருகிறது. அதற்குப் பிறகு கிடைத்தது அடுத்த வேலையும், கூடவே நிற்க எலிசா என்ற ஆளும். முதல் சந்திப்புக்குப் போகிறவர்களுக்கு இந்த வரிசை போதும்: தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அரைமணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். ஜெபிக்கட்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

குடி விஷயத்தில் சபைகள் செய்கிற ஆபத்தான தவறு ஒன்று உண்டு. பல வருஷமாகத் தினமும் அதிகமாகக் குடித்த ஒருவர் ஒரே நாளில் நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்கும் கடுமையான நடுக்கம், காய்ச்சல், ஆள் தெரியாத குழப்பம், இல்லாத உருவங்கள் கண்ணில் படுவது எல்லாம் வரலாம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். இதைப் பிசாசின் போராட்டம் என்று நினைத்து, அறையில் பூட்டி உபவாச ஜெபம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அங்கே கட்டில் பக்கத்தில் ஜெபியுங்கள்.

"சுகமாயிற்று, மாத்திரையை நிறுத்திவிடு" என்பதும் அதே ரகம். மனநோய் மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே நோய் திரும்பவேண்டும் என்றில்லை, வாரங்களோ மாதங்களோ கழித்துத் திரும்பலாம். அதனால் நிறுத்தச் சொன்னவருக்குத் தான் செய்தது கடைசிவரை தெரியாமலே போகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்ததும் "சரியாகிவிட்டார்" என்று நாம் மூச்சு விடுகிறோம். உண்மையில் வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் மிக மோசமான காலம். மனநோய்ப் பிரிவிலிருந்து வீடு திரும்பியவர்களிடம் தற்கொலை ஆபத்து அப்போது அதிகம். ஹெராயின் போன்ற போதையை விட்டவருக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்பில் போயிருக்கும், பழையபடி ஒருமுறை ஏற்றினாலே உயிர் போகலாம். ஆகவே தினமும் போன் பண்ணவேண்டிய நேரம் இது. நன்றி ஸ்தோத்திரக் கூட்டம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் சுற்றி வளைக்காதீர்கள். "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா என்று அடுத்த கேள்வி. யோசித்திருந்தால் தனியே விடக்கூடாது. மாத்திரை, விஷம், கயிறு எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. அன்றைக்கே மருத்துவர். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள்.

மற்ற எல்லாவற்றிலும் வாய் பூட்டு வேண்டும். "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் ஒருவருடைய சிகிச்சை விவரம் வாட்ஸ்அப் குழுவில் போனால், அவர் மறுபடி உங்களிடம் எதையும் சொல்லமாட்டார்.

திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்தார்கள் (மாற்கு 2). எண்ணிக்கை அங்கே தற்செயலாக இருக்கலாம், ஆனால் ஒற்றை ஆளால் இது முடியாது என்பது நிச்சயம். ஒருவர் மருத்துவரிடம் கூடப் போகட்டும். ஒருவர் குடும்பத்தைப் பார்க்கட்டும், அவர்களை எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஒருவர் வாரம் ஒருமுறை, அதே நாள், அதே நேரம், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் போய் உட்காரட்டும். நாலாவது ஆள் பணத்துக்கு. கையில் ரொக்கம் கொடுக்கவே கூடாது. மருந்துக்கடைக்கும் வீட்டு உரிமையாளருக்கும் நேராகக் கட்டுங்கள். "காசு தராவிட்டால் செத்துப்போவேன்" என்றால் சாவுப் பேச்சை நிஜமாக எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். காசு அப்போதும் கிடையாது.

ஆறு வாரம் குடிக்காமல் இருந்தவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்பதை நிறுத்தினால் பாதிப் பேர் தப்புவார்கள் என்றுகூடத் தோன்றும். கைதட்டு வாங்கியவர் பிறகு விழுந்தால், விழுந்ததைச் சொல்ல முகம் இருக்காது. ஒளிவார். ஒளிந்தவர் இன்னும் குடிப்பார்.

அடுத்தது, பலருக்குப் பிடிக்காத பேச்சு. அடிக்கிற புருஷனிடம் திரும்பிப் போகச் சொல்லி ஒரு பெண்ணிடம் எத்தனை முறையும் மன்னிக்கச் சொல்லும் "ஏழெழுபதுதரம்" வசனத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில்தான் அந்த வசனம் இருக்கிறது. சிறியரை இடறப்பண்ணுகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவது நலம் என்ற வசனமும், குற்றம் செய்தவனைத் தனியாகவும் பிறகு சாட்சிகளோடும் பிறகு சபையாகவும் கண்டிக்கும் முறையும் அதே அதிகாரத்தில்தான் இருக்கின்றன. மன்னிப்பது வேறு, கதவைத் திறந்துவிடுவது வேறு. முதலில் அவளும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போகட்டும். அவனை விட்டுவிடாமல் இருக்கிற வேலையைச் சபையின் ஆண்கள் செய்யட்டும், அவள் தலையில் கட்டவேண்டாம்.

சுமக்கிறவர்களும் சோர்ந்துபோவார்கள். முந்தின ஊழியப் பயணத்தில், பம்பிலியா நாட்டில் பாதியில் விட்டுப்போன மாற்குவை மறுபடி கூட்டிப்போக பவுல் ஒப்பவில்லை. பர்னபாவோடு கடுங்கோபம் மூண்டு இருவரும் பிரிந்தார்கள், பர்னபா மாற்குவோடு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார் (அப்போஸ்தலர் 15). பின்னாளில் அதே பவுல் மாற்குவைக் கூட்டிவரச் சொல்லி, ஊழியத்தில் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:11). பவுலால் முடியாதபோது கூட்டிப்போக இன்னொருவர் இருந்தார். உங்களால் முடியாமல் போனால் சத்தமில்லாமல் நழுவாதீர்கள். அவரிடமே சொல்லுங்கள், அடுத்து வரப்போகிறவரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள், இரண்டு வாரம் இருவரும் சேர்ந்தே போங்கள். மருத்துவரின் எண், மாத்திரைச் சீட்டு, கணக்கு நோட்டு மூன்றையும் ஒப்படைத்த பிறகு விலகுங்கள்.