இரட்டைக் கோபுரங்கள் தடையின்றி விழவில்லை

“2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தடையற்ற வீழ்ச்சி வேகத்தில் சரிந்தன, ஆகவே வெடிவைத்துத் தகர்த்திருக்கிறார்கள்” என்ற செய்தி மறுபடி சுற்றுகிறது. இது தவறு.

வடக்குக் கோபுரத்தின் உயரம் 417 மீட்டர். காற்றுத்தடை உட்பட எந்தத் தடையும் இல்லாவிட்டால், அதாவது தடையற்ற வீழ்ச்சியில், உச்சியிலிருந்து விழும் பொருள் சுமார் 9.2 விநாடியில் தரையைத் தொடும். கட்டடம் அதைவிட மெதுவாகவே சரிந்தது. அன்றைய காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: வெளியே தெறித்த எஃகுத் துண்டுகள், சரியும் தளங்களை முந்திக்கொண்டு இறங்குகின்றன. கட்டடமும் தடையின்றி விழுந்திருந்தால் அவை எப்படி முந்தும்?

கீழ்த்தளங்கள் ஏன் தாங்கவில்லை என்பது நியாயமான கேள்வி. அவை அசையாத எடைக்காகக் கட்டப்பட்டவை. விமானம் மோதிய இடத்துக்கு மேலிருந்த பத்துக்கும் மேற்பட்ட தளங்கள் ஒரே மாடி, அதாவது 3.7 மீட்டர், இறங்கினாலே மணிக்கு 30 கிலோமீட்டரை நெருங்கிவிடும். மோதும்போது எழும் விசை, அவற்றின் எடையைப்போலப் பல மடங்கு.