காய்ச்சினால் யுரேனியம் போகாது

கர்நாடகத்தின் கோலார் பக்கத்து போர்வெல் நீரில் யுரேனியம் கலந்திருப்பதைப் பற்றி உங்கள் இதழில் கட்டுரை எழுதியது நன்று. ஆனால் தலைப்பிலேயே ‘கதிர்வீச்சு’ என்று மிரட்டியிருக்க வேண்டாம். இயற்கை யுரேனியத்தின் கதிரியக்கம் குறைவு; முதலில் அடி வாங்குவது சிறுநீரகம், அதுவும் ஒரு கன உலோகத்தின் நச்சால். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்று சொல்வதும் அந்த நச்சை மனத்தில் வைத்துத்தான்.

கோலார் பக்கத்தில் என் மாமியார் வீட்டில் 1,200 அடி ஆழத்துத் தண்ணீரைத் தளதளவென்று காய்ச்சி, பித்தளைக் குடத்தில் ஆற வைத்துத்தான் தருவார்கள். கதிரியக்க வாயுவான ரேடான் தண்ணீரில் இருந்தால் ஆவியோடு போய்விடும். யுரேனியம் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவுதான் கூடும். ஆர்.ஓ. கருவி பெருமளவு நீக்கிவிடும் என்பதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம். கிராமத்தார் தண்ணீரைப் பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது, அதையும் எழுதுங்கள்.