ஒரு தரம், இரண்டு தரம்

(பாம்பன் கடற்கரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதில் பாதி ஓடிவிட்டது. ஓலைக் கொட்டகை நிழலில் விசைப்படகு முதலாளி ராயப்பன் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருக்கிறார். பத்தடி தள்ளி அவருடைய மச்சினன் அந்தோணி, வயது 52, காதில் எதையோ மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்துக் கும்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்.)

ராயப்பன்: மாப்பிள்ளை, அங்கே யாரைக் கும்பிடுகிறாய்? கோயில் உனக்குப் பின்னால் இருக்கிறது.

அந்தோணி: திருப்பூரில் ஒரு பனியன் கடைக்காரர், மச்சான். "அடுத்த வாரம் கூப்பிடுங்கள்" என்றார். நன்றி சொன்னேன்.

ராயப்பன்: ஒன்றும் வாங்காதவனுக்கு நன்றியா? ஏலத்தில் விலை கேட்டுவிட்டுப் பின்வாங்கியவனை நீ திட்டுகிற திட்டு தங்கச்சிமடம் வரை கேட்குமே!

(ராயப்பனின் சட்டைப் பையில் செல்போன் 'டிங்' என்கிறது. எடுத்துப் பார்க்கிறார். பார்க்காதவர்போல் மறுபடியும் பைக்குள் போடுகிறார்.)

அந்தோணி: யார் மச்சான்?

ராயப்பன்: யாரோ. நீ சொல். 27 வருடம் ஏலம் கூறிவிட்டு இந்த வயதில் உனக்கு எதற்குக் கம்ப்யூட்டர் கம்பெனி?

அந்தோணி: தொண்டைதான். இனிமேல் கத்தினால் குரலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெதுவாகப் பேசிப் பிழைக்கிற தொழில் இந்தக் கரையில் எது இருக்கிறது? மருமகன்தான் சென்னையில் ஒரு கம்பெனியில் சொல்லிவைத்தார். வீடியோவில் நேர்காணல். "விற்பனை அனுபவம் உண்டா?" என்றார்கள். உண்டு என்றேன். "மாதத்துக்கு எத்தனை விற்பனை முடிப்பீர்கள்?" என்றார்கள். "மாதக் கணக்குத் தெரியாது, காலை ஐந்து மணியிலிருந்து ஏழுக்குள் எண்பது" என்றேன். பெட்டி பெட்டியாகத் தெரிந்த மூன்று முகங்களும் அசையாமல் நின்றுவிட்டன. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். இல்லை. மலைத்துப்போயிருக்கிறார்கள். அங்கே ஒருவர் மாதத்துக்குப் பத்து விற்றால் கேக் வெட்டுவார்களாம்.

ராயப்பன்: சரி, என்ன சரக்கு?

அந்தோணி: மென்பொருள். கடைக்காரர் பில் போடலாம், இருப்புப் பார்க்கலாம், யார் யார் பாக்கி என்று தெரிந்துகொள்ளலாம்.

ராயப்பன்: கிலோ என்ன விலை?

அந்தோணி: எடை கிடையாது மச்சான். கையிலும் பிடிக்க முடியாது. மேகத்தில் இருக்கிறது.

ராயப்பன்: மேகத்திலா? கொஞ்சம் கருத்தாலே நாங்கள் படகைக் கட்டிப்போட்டுவிடுகிறோம். அதில் போய்க் கணக்கை வைப்பானா ஒருவன்?

அந்தோணி: பெயர்தான் மேகம். உண்மையில் மும்பை போன்ற ஊர்களில் பெரிய கட்டடங்களுக்குள் கம்ப்யூட்டர்களை அடுக்கி, சூடேறாமல் இரவும் பகலும் குளிர் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ராயப்பன்: ஐஸ் கம்பெனி என்று சொல்.

அந்தோணி: அதேதான். நம் ஐஸ் கம்பெனியில் கரண்ட் போனால் எப்படி அலறுவார்களோ, அப்படித்தான் அங்கேயும்.

ராயப்பன்: ஒரு தடவை வாங்கிவிட்டால் கடைக்காரனுக்குச் சொந்தமா?

அந்தோணி: அதுதான் இல்லை. மாதம் மாதம் சந்தா. முன்பெல்லாம் மென்பொருளைக் குறுந்தட்டில் போட்டு ஒரே விலைக்கு விற்றார்களாம். 1999இல் அமெரிக்காவில் சேல்ஸ்ஃபோர்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். இணையத்தில் வைத்துச் சந்தாவுக்கு விடுவதுதான் அவர்கள் வியாபாரம். பயிற்சியில் இதையெல்லாம் சொன்னார்கள். நம் சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸும் இதே வழிதான். 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கே போய்விட்டது. அங்கே மணி அடித்து வியாபாரத்தைத் தொடங்குவார்கள்.

ராயப்பன்: மணி அடித்தபிறகு?

அந்தோணி: பங்கை ஆளாளுக்கு விலை கேட்பார்கள்.

ராயப்பன்: ஏலம்! உன்னை அங்கே அனுப்பியிருக்க வேண்டும். மாதாமாதம் பனியன் கடையிடம் வாங்கித் தின்கிற தொழிலில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்கள். போகட்டும். நான் ஒரு கூடை சீலா விற்றேன். வாங்கினவன் குழம்பு வைத்துத் தின்றான். அடுத்த மாதமும் அந்தச் சீலாவுக்குப் பணம் கொடுப்பானா? இது தெரியாமல் நான் முப்பது வருடம் கடலில் டீசல் எரித்திருக்கிறேன்.

அந்தோணி: அவ்வளவு லேசில்லை மச்சான். முதல் வாரத்திலேயே வேலை போகப் பார்த்தது. கோயம்புத்தூரில் ஒரு பாத்திரக் கடைக்காரர். மாதம் அறுநூறு என்றேன். ஐந்நூறு என்றார். சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். நானும் சும்மா இருந்திருக்கலாம். 27 வருடப் பழக்கம், என்னையறியாமல் வாய் கூறிவிட்டது: "ஐந்நூறு... ஐந்நூறு... ஐந்நூறு ஒரு தரம்..."

ராயப்பன்: அடப்பாவி!

அந்தோணி: மனிதர் பயந்துவிட்டார். "ஐந்நூற்றைம்பது!" என்றார். "ஐந்நூற்றைம்பது ஒரு தரம், ஐந்நூற்றைம்பது இரண்டு தரம்..." "அறுநூற்றைம்பது! சார், எதிரில் கேட்கிறவர் யார் சார்?" என்றார்.

ராயப்பன்: யாராம்?

அந்தோணி: யாரும் இல்லை. அவரேதான் அவரை எதிர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டேன்.

ராயப்பன்: கேக் வெட்டினார்களா?

அந்தோணி: திட்டினார்கள். பட்டியல் விலைக்கு மேல் பில் போட வழியில்லையாம். ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். மேனேஜருக்கு 25 வயது. என் மகனைவிடச் சின்னப் பையன், "அந்தோணி" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். கம்பெனி வழக்கமாம். நான் அவனைத் தம்பி என்கிறேன். அது என் வழக்கம்.

ராயப்பன்: அதற்குப் பிறகு எத்தனை விற்றாய்?

அந்தோணி: இந்த மாதம் மூன்று. நேற்று ஒருவர், பின்னால் என்ன சத்தம் என்றார். பாம்பன் பாலத்தில் ரயில் என்றேன். அவ்வளவுதான். 1914இல் கட்டிய பழைய பாலம் முன்பு இரண்டு கையை விரிப்பதுபோல் திறக்குமாமே, 2025இல் திறந்த புதியது அப்படியே நேராக மேலே ஏறுமாமே என்று முக்கால் மணி நேரம் பாலத்தைப் பற்றியே பேசினார். கடைசியில் அவரும் அடுத்த வாரம் கூப்பிடச் சொன்னார்.

ராயப்பன்: எல்லாருக்கும் ஏன் அடுத்த வாரம்?

அந்தோணி: யோசித்துப் பார்த்தேன் மச்சான். கூடை இறங்கினால் மூன்று நிமிடத்தில் கைமாறுகிறது. ஏன்? வெயில் ஏறினால் மீன் அழுகிவிடும். விற்கிறவனுக்கும் பயம், வாங்குகிறவனுக்கும் பயம். இந்தச் சரக்கு அழுகாது. இன்றைக்கு வாங்காவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ராயப்பன்: அப்படியானால் அழுகவை.

அந்தோணி: அதைத்தான் கம்பெனி செய்கிறது. "31ஆம் தேதி நள்ளிரவோடு தள்ளுபடி முடிகிறது" என்று சொல்லச் சொல்கிறார்கள்.

ராயப்பன்: 1ஆம் தேதி?

அந்தோணி: அதே தள்ளுபடி வேறு பெயரில் வரும்.

ராயப்பன்: ஐஸில் போட்ட மீனை அடுத்த நாள் எடுத்து, இப்போதுதான் வலையிலிருந்து வந்தது என்பதுபோல. வாங்குகிறவன் விரலை விட்டுச் செவுளைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடுமே!

அந்தோணி: இங்கே செவுளுக்குப் பதில் டெமோ. மென்பொருளை அவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்ட வேண்டும். சொந்தக்காரர், தெரிந்தவர் கணக்கு நாலைந்தை உள்ளே போட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். (தொண்டையைச் செருமுகிறார்.) நானும் போட்டிருக்கிறேன்.

ராயப்பன்: இருக்கட்டும். தடைக்காலத்தில் உனக்குச் சம்பளம்?

அந்தோணி: இந்தத் தொழிலில் தடைக்காலம் கிடையாது மச்சான். 1ஆம் தேதி வங்கியில் விழுந்துவிடும். விற்றால் கமிஷன் தனி.

(ராயப்பனின் வலை ஊசி நின்றுவிடுகிறது. கரையில் வரிசையாகக் கிடக்கும் படகுகளை ஒரு சுற்றுப் பார்க்கிறார்.)

ராயப்பன்: ஐம்பத்தாறு வயது ஆளை எடுப்பார்களா?

அந்தோணி: என்ன சொன்னாலும் கோபப்படாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ராயப்பன்: உன் அக்காவோடு முப்பது வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

அந்தோணி: அப்படியானால் பேசிப் பார்க்கிறேன்.

(மறுபடியும் 'டிங்'. இந்த முறை ராயப்பன் செல்போனை எடுத்து அந்தோணியின் மூக்குக்கு நேரே நீட்டுகிறார்.)

ராயப்பன்: முதலில் இதற்குப் பதில் சொல். பத்து நாளாக வருகிறது. "மதிப்புக்குரிய திரு. ராயப்பன் அவர்களுக்கு இனிய காலை வணக்கம். தங்கள் நிலுவைத் தொகை ரூ. 14,200." கீழே ஒரு பூங்கொத்துப் படம். இது நீ எனக்குக் கொடுத்த முன்பணம்தானே?

அந்தோணி: முன்பணம் வாங்கிய படகு எனக்கே மீனைப் போட வேண்டும் என்பது கரை வழக்கம். இப்போது நான் ஏலத்தில் இல்லை. மீன் எனக்கு வேண்டாம், பணம்தான் பாக்கி. கணக்கை உள்ளே போட்டேன். மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது.

ராயப்பன்: டெமோவா!

அந்தோணி: செவுள் சிவப்பாக இருக்கிறதா, இல்லையா?

ராயப்பன்: இதை எப்படி நிறுத்துவது?

அந்தோணி: பணம் வந்துவிட்டால் தானாக நின்றுவிடும். எப்போது என்று எழுதிக்கொள்ளட்டும்?

ராயப்பன் (ஊசியை எடுத்து வலைக்குள் தலையைக் குனிந்துகொண்டு): அடுத்த வாரம் கூப்பிடு.