சுரங்கத்தை மூடிய பிறகு பம்பை யார் ஓட்டுவது?

நிலவியல் படித்த காலத்தில் எங்கள் துறையில் கனிம மாதிரிகள் வைக்கும் பழைய மர அலமாரி ஒன்று இருந்தது. அதன் கீழ் இழுப்பறையைத் துடைத்து அடுக்கும் வேலை ஒருநாள் என்னிடம் வந்தது. திறந்ததும் கந்தக வாடை. ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்திருந்த பைரைட் கல் சாம்பல் நிறப் பொடி பூத்துக் கிடந்தது. விரல் பட்டாலே உதிர்ந்தது. தூக்கிப் பார்த்தால் பெட்டியின் அடிப்பாகம் கருகிப்போயிருந்தது. நெருப்பு பட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதும் இல்லை. காற்றில் இருந்த ஈரமும் ஆக்சிஜனும் கல்லில் இருந்த கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகியிருந்தன. கைப்பிடியளவு கல், தான் இருந்த பெட்டியையே தின்றிருந்தது. பெயர்ச்சீட்டில் பாதி எழுத்துகூட மிஞ்சவில்லை.

சுரங்கத்தால் தண்ணீர் கெடுவதைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த இழுப்பறைதான் கண்முன் வருகிறது. ஒரு கல்லுக்குப் பதில் ஒரு மலையையே உடைத்துத் திறந்த வெளியில் கொட்டினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பிரச்சினையின் கரு.

நிலக்கரி, தாமிரம், துத்தநாகம், தங்கம் என்று எதைத் தோண்டினாலும் பல இடங்களில் பைரைட் கூடவே வருகிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது. பூமிக்குள் காற்றுப் படாமல் கிடந்தவரை யாருக்கும் தொல்லை இல்லை. வெடிவைத்துப் பிளந்து, நொறுக்கி, மாவாக அரைத்ததும் ஒவ்வொரு துகளுக்கும் காற்றும் மழையும் கிடைத்துவிடுகின்றன. கந்தக அமிலம் ஊறத் தொடங்குகிறது. இரும்பை உண்டு வாழும் ஒருவகை பாக்டீரியா அந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்துகிறது. அமிலம் வழியில் இருக்கும் பாறையைக் கரைத்து, தாமிரம், காட்மியம், துத்தநாகம், ஆர்செனிக் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போகிறது. கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்துக்குள் எடுத்த நீரின் பிஎச் அளவு -3.6. அமிலம் கடுமையாக ஆக, இந்த எண் குறையும். பள்ளியில் 0 முதல் 14 வரை என்று படித்த அளவுகோலில், பூஜ்யத்துக்கும் கீழே.

தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம். ஸ்பெயினின் ரியோ டின்டோ ஆற்றங்கரையில் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளாகச் சுரங்க வேலை நடந்திருக்கிறது. அந்த மண்ணுக்கே இயல்பான அமிலத்தன்மையும் உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பழங்காலத்தில் தோண்டிப் போட்ட கழிவுக் குவியல்களிலிருந்தும் இன்றுவரை அமிலம் கசிகிறது. ஆறு சிவப்பாகவே ஓடுகிறது.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்தின் கீழே ஓடும் ஓடையில் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. அடியில் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. ஒரு கல்லைப் புரட்டினேன். அதன் அடியில் பூச்சி இல்லை, புழு இல்லை, வழுக்கும் பாசிகூட இல்லை. நீல லிட்மஸ் தாள் பட்ட நொடியில் சிவந்தது. கொஞ்ச தூரம் இறங்கிப் போனால், வேறொரு நல்ல ஓடை வந்து கலக்கும் இடத்தில்தான் தண்ணீர் திடீரென்று ஆரஞ்சு நிறமாகி, கரையெல்லாம் துருப்பிடித்தாற்போல் படிந்திருந்தது. நல்ல நீர் சேர்ந்து அமிலம் தணியும்போதுதான் கரைந்திருந்த இரும்பு திரண்டு கீழே படியும். கண்ணுக்கு அருவருப்பாகத் தெரிந்த இடத்தைவிட, அழகாகத் தெரிந்த இடம் கொடியது. அன்றிலிருந்து, சுத்திகரிப்பு நிலையத்தின் முன்னால் கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரை ஏந்தி நிற்கும் புகைப்படங்களை நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. காட்மியத்துக்கு நிறம் கிடையாது. ஆய்வுக்கூட எண்களைக் காட்டுங்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

சுரங்கக் கழிவுச்சேற்றைத் தேக்கி வைக்கும் அணை உடைந்தால் உலகம் திரும்பிப் பார்க்கிறது. பிரேசிலின் மரியானாவில் 2015 நவம்பரில் கழிவுச்சேற்று அணை உடைந்து 19 பேர் இறந்தார்கள். சேறு தோசே ஆற்றின் வழியே கடல்வரை போயிற்று. 2019 ஜனவரியில் அதே நாட்டின் புருமாடின்யோவில் 270 உயிர்கள் போயின. அதன் பிறகுதான், 2020இல், கழிவுச்சேற்று அணைகளுக்கான உலகளாவிய தரநிலை வெளிவந்தது. அந்தக் கோபம் முற்றிலும் நியாயமானது. என் கவலை, உடையாமல் மெல்லக் கசிவதைப் பற்றியது. அதற்கு நாளும் இல்லை, படமும் இல்லை, தலைப்புச் செய்தியும் இல்லை.

சுரங்கம் நடக்கும்வரை பம்புகள் இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டிருக்கும். லாபம் வற்றியதும் பம்பை நிறுத்துவார்கள். நிலத்தடி நீர் பழைய மட்டத்துக்கு ஏறும். காலியான சுரங்கப் பாதைகளின் சுவர்களில் பல ஆண்டுகளாகப் பூத்திருந்த உப்புகளையெல்லாம் கழுவிக்கொண்டு, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வெளியே வரும். இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் என்ற தகரச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. அடுத்த ஜனவரியில் சுரங்க வாயிலின் அடைப்பு உடைந்து, ஃபால் ஆற்றுக் கழிமுகம் ஆரஞ்சாக மாறியது. அமெரிக்காவின் பியூட் நகரில் 1982இல் பம்புகளை நிறுத்தியதும் பெர்க்லி குழி என்ற திறந்தவெளித் தாமிரச் சுரங்கம் அமில ஏரியாக நிரம்பத் தொடங்கியது. 1995இல் அங்கே இறங்கி இளைப்பாறிய பனி வாத்துக் கூட்டத்தில் 342 பறவைகள் செத்து மிதந்தன.

இதற்கு வழியே இல்லை என்று சொல்லவில்லை. வழி இருக்கிறது. நான் மதிக்கும் வழிகள் எல்லாம் தண்ணீர் கெடுவதற்கு முன்னால் செய்பவை. முதல் வெடி வைப்பதற்கு முன்பே பாறையில் எவ்வளவு அமிலம் ஊறும், அதைத் தணிக்கும் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்துவிடலாம். அமிலம் ஊறும் பாறையைத் தனியாகப் பிரித்து, களிமண் போர்த்தி, மழை இறங்காமல் மூடலாம். அல்லது காற்று எட்டாத ஆழத்தில் நீருக்கடியில் வைக்கலாம். தோண்டிய குழிக்குள்ளேயே திருப்பி நிரப்பலாம். மேட்டிலிருந்து வரும் மழைநீரைச் சுரங்கத்துக்குள் விடாமல் சுற்றிக் கால்வாய் வெட்டித் திருப்பி அனுப்பலாம். கடைசியாகச் சொன்னது மிக எளிய வேலை. நல்ல தண்ணீரும் கெட்ட தண்ணீரும் சந்திக்காமல் பார்த்துக்கொண்டால், சுத்திகரிக்க வேண்டிய அளவே வெகுவாகக் குறைந்துவிடும். அதைக்கூடச் செய்யாமல் விட்ட இடங்களைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

கெட்ட பிறகு செய்வது சுண்ணாம்பு வைத்தியம். நீர்த்த சுண்ணாம்பைக் கலந்தால் அமிலம் தணிந்து உலோகங்கள் சேறாகப் படியும். வேலை செய்யும். ஆனால் அந்தச் சேற்றை எங்கே வைப்பது என்ற அடுத்த கேள்வி உடனே எழுகிறது. கந்தக அமிலத்தின் மிச்சமான சல்பேட்டின் பெரும்பகுதியும் நீரிலேயே தங்கிவிடுகிறது. மலிவாக முடிக்க நினைத்து ஓடையில் சுண்ணாம்புக்கல்லைக் கொட்டுபவர்களும் உண்டு. அப்படிக் கொட்டிய கல் ஒன்றை எடுத்துச் சுத்தியலால் உடைத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே நகக்கண் அளவுக்கு ஆரஞ்சு ஓடு, உள்ளே வெள்ளை வெளேரென்று புதுக் கல். மேல் ஓட்டின்மீது ஒரு சொட்டு அமிலம் விட்டேன், சும்மா இருந்தது. உடைந்த பக்கத்தில் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. இரும்பு படிந்து கல்லுக்குக் கவசம் போட்டுவிட்டது; மருந்து உள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. காற்றுப் படாமல் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல்லைப் புதைத்து அதன் வழியே நீரை விட்டால் இந்தச் சிக்கல் குறையும் என்று தெரிந்து பல காலம் ஆகிறது. நாணல் வளர்த்த சதுப்பு நிலங்களும் உதவும், ஆனால் இடம் வேண்டும், அவ்வப்போது தூர்வார ஆள் வேண்டும்.

ஆள் வேண்டும், பணம் வேண்டும். என் முழு வழக்கும் இதில்தான் இருக்கிறது. கொலராடோவின் சம்மிட்வில் தங்கச் சுரங்கத்தை நடத்திய நிறுவனம் 1992 டிசம்பரில் மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டுக் கைகழுவியது. சுத்தப்படுத்தும் செலவு 15 கோடி டாலரையும் தாண்டி அரசின் தலையில் விழுந்தது. அது ஏதோ பழங்காலத்துத் தோண்டல் அல்ல, 1980களில் அனுமதி வாங்கித் தொடங்கிய நவீனச் சுரங்கம்.

தாமிரம் இல்லாமல் மின்சாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். சுரங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனுமதி கொடுக்கும் நாளிலேயே, மூடிய பிறகான நீர்ச் சுத்திகரிப்புக்கான முழுத் தொகையையும், நிறுவனத்தின் கைக்கு எட்டாத கணக்கில் போடச் செய்யுங்கள் என்கிறேன். பிறகு தருகிறோம் என்ற கடிதம் போதாது. சுரங்கத்தில் ‘பிறகு’ என்பது நிறுவனமே இல்லாத காலம். அவ்வளவு தொகை கட்டினால் லாபம் வராது என்று சொல்வார்களானால், அந்தச் சுரங்கம் உண்மையில் ஒருநாளும் லாபத்தில் இல்லை. கீழ்க்கரை மக்களின் கிணற்றுக்குச் செலவைத் தள்ளித்தான் கணக்கை நேர்செய்திருக்கிறார்கள்.

செய்ய முடியாததைக் கேட்கவில்லை. ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலக்கரி வெட்டுவது 2018இல் முடிந்தது. சுரங்க நீர் குடிநீரில் கலக்காமல் இருக்கவும், உள்வாங்கிய நிலம் மூழ்காமல் இருக்கவும் அங்கே என்றென்றைக்கும் பம்பு ஓட வேண்டும். அந்தச் செலவுக்காக 2007லேயே ஓர் அறக்கட்டளை அமைத்துச் சொத்துகளை ஒப்படைத்துவிட்டார்கள். அந்த வேலைகளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘நித்தியக் கடமைகள்’. அந்தச் சொல்லில் இருக்கும் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

கனடாவின் பிரிட்டானியா தாமிரச் சுரங்கம் 1974இல் மூடப்பட்டது. அதன்பின் முப்பது ஆண்டுகள் அதன் அமில நீர் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. 2000களின் நடுவில்தான் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. பிறகு சால்மன் மீன்கள் மெல்லத் திரும்பின. மீன்கள் திரும்பியதோடு வேலை முடியவில்லை. மழை பெய்யும் ஒவ்வொரு முறையும் அந்த மலைக்குள்ளிருந்து அதே நீர் இறங்குகிறது, இன்றைக்கும் யாரோ ஒருவர் அதில் சுண்ணாம்பு கலக்கிறார்.